உம்லாசியில் பிறந்த ஸனேலே முஹோலி: நம் பிள்ளைகளோடு பேசலாமா?

சாட்ஸ்வர்த் டீச்சர் எழுதியது:

எங்கள் தமிழ் வகுப்பின் பெரிய பிள்ளைகளோடு தென்னாப்பிரிக்கப் புகைப்படக் கலைஞர் ஸனேலே முஹோலியைப் பற்றி ஒரு மாலை பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பெற்றோர் சிலருக்குத் தயக்கம். “லெஸ்பியன் பெண்களைப் படம் எடுக்கிறவர்தானே, தமிழ் வகுப்பில் அது எதற்கு?” என்கிறார்கள். கேட்டவர்கள் பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர்கள், அதனால் விரிவாகவே பதில் சொல்ல நினைக்கிறேன். நீங்களும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முஹோலி 1972இல், டர்பனில் கறுப்பினத்தவர் குடியிருப்பான உம்லாசி டவுன்ஷிப்பில் பிறந்தவர். நமக்கு அடுத்த ஊர். கேட்டோ மேனரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் நம் இந்தியக் குடும்பங்களைப் பெயர்த்து நிறவெறி அரசு 1960களில் சாட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து வைத்தார்களே, வெள்ளையர் பகுதிகளுக்கும் உம்லாசிக்கும் நடுவில் தடுப்பாக இருக்கட்டும் என்றுதான் வைத்தார்கள். அந்தத் தடுப்பு இன்னும் நம் மனதில் நிற்கிறது. வெனிஸ் பியனாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் 2013இலும் 2019இலும் அவருடைய படங்கள் இருந்தன. லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் 2020இல் தனிக் கண்காட்சி, 2024இல் மறுபடியும். பக்கத்து ஊரில் இருக்கும் நமக்கு அவர் பெயர் தெரியவில்லை.

எட்டுப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. மலாவியிலிருந்து வந்த தகப்பனார், இவர் பிறந்த கொஞ்ச காலத்தில் இறந்துவிட்டார். தாயார் பெஸ்டர் முஹோலி ஒரே வெள்ளையர் வீட்டில் நாற்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். முஹோலி 2002இல் கறுப்பின லெஸ்பியன் பெண்களுக்கான ஓர் அமைப்பை மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கினார். வன்முறைக்கு ஆளானவர்களின் வாக்குமூலங்களைக் கேட்டு எழுதுவதும் அங்கே அவர் வேலையாக இருந்தது. புகைப்படக்கலையை முறையாகப் படித்தது ஜோகன்னஸ்பர்க் மார்க்கெட் ஃபோட்டோ வொர்க்‌ஷாப்பில். டேவிட் கோல்ட்பிளாட் 1989இல் நிறுவிய பள்ளி அது. 2004இல் ஜோகன்னஸ்பர்க் ஆர்ட் கேலரியில் முதல் தனிக் கண்காட்சி. பிறகு டொரான்டோ ரயர்சன் பல்கலைக்கழகத்தில் முதுகலை. புகைப்படத்தோடு வீடியோ, பாசிமணி வேலை, ஓவியம், வெண்கலச் சிலை என்று பல வழிகளில் வேலை செய்கிறார். ஆனால் தன்னைக் காட்சிவழிச் செயல்பாட்டாளர் என்றே அழைத்துக்கொள்வார். ஆண், பெண் என்ற இரண்டுக்குள்ளும் தன்னை அடைப்பதில்லை. தமிழில் ‘அவர்’ என்று எழுதினால் போதும்.

இவருடைய பெரிய வேலை 2006இல் தொடங்கிய ‘ஃபேசஸ் அண்ட் ஃபேசஸ்’ (Faces and Phases), முகங்களும் பருவங்களும் என்று பொருள். கறுப்பின லெஸ்பியன்கள், திருநம்பிகள், பாலின வரையறைக்குள் அடங்காதவர்கள் இவர்களின் கறுப்பு வெள்ளை உருவப்படங்கள். ஐந்நூறுக்கு மேல் ஆகிவிட்டன. ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு ஒன்றுதான்: அந்த மனிதரின் பெயர், ஊர், வருடம். கேமராவை நேராகப் பார்த்து நிற்கிறார்கள். கெஞ்சல் இல்லை, அழுகை இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளை பார்க்கக் கூடாதது என்று அதில் எதுவும் இல்லை.

கப்பல் பட்டியல் எழுதியது:

டீச்சர், தலைப்புகளைப் பற்றி நீங்கள் எழுதியது என்னை யோசிக்க வைக்கிறது. நான் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர் பட்டியல்களைத் தேடிப் படிக்கிறவன். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு வந்தது முதல் 1911 வரை மொத்தம் 152,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அப்புறம் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு.

தழும்பு எதற்கு? தோட்டத்தை விட்டு ஓடினால் அடையாளம் கண்டு பிடிக்க. நம் பாட்டன் பூட்டனைப் பற்றி நமக்கு இருக்கும் எழுத்துச் சான்றில் பாதிக்கு மேல் முதலாளிக்காக எழுதப்பட்டது. அந்த ஆள் யாரை விரும்பினார், எதைப் பார்த்துச் சிரித்தார், மாலையில் யாரோடு உட்கார்ந்து பேசினார் என்று ஒரு வரி கிடைக்காது.

முஹோலி செய்வதும் பதிவுதான். ஆனால் படத்தில் இருப்பவர் தானாக வந்து, பேசி, சம்மதித்து, தன் பெயரைத் தானே சொல்லி நிற்கிறார். அவர்களை முஹோலி ‘பங்கேற்பாளர்கள்’ என்றுதான் சொல்வார். சிலரைப் பல வருடம் கழித்து மறுபடியும் எடுத்திருக்கிறார். முகம் முதிர்ந்திருக்கிறது, உடை மாறியிருக்கிறது, ஆள் உயிரோடு இருக்கிறார் என்பதே அங்கே செய்தி. பட்டியல் எழுதப்பட்ட ஒரு சமூகம் இந்த வித்தியாசத்தை மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்ளும் என்று நம்புகிறேன். தமிழ் வகுப்பில் அது எதற்கு என்று கேட்டவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

லெனேசியா அண்ணன் எழுதியது:

டீச்சர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால் மனதில் உள்ளதைச் சொல்கிறேன்.

இந்த நாட்டில் சட்டம் எப்போதோ இடம் கொடுத்துவிட்டது. 1996 அரசியலமைப்பு பாலீர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. உலகத்தில் அப்படி எழுதிய முதல் அரசியலமைப்பு நம்முடையது. 2006 நவம்பரில் ஒரே பாலினத்தவர் திருமணமும் வந்துவிட்டது, ஆப்பிரிக்காவில் முதல் நாடாக. யாரும் யாரையும் தடுக்கவில்லை. பிறகு ஏன் தொடர்ந்து படம் எடுத்துக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்?

இரண்டாவது கேள்வி இதைவிட முக்கியம். டவுன்ஷிப்பில் இந்தப் பெண்களுக்கு ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க முகத்தையும் பெயரையும் ஊரையும் சேர்த்துச் சுவரில் மாட்டினால், அது அவர்களைக் காட்டிக்கொடுப்பது ஆகாதா? என் வீட்டுப் பெண்ணாக இருந்தால் நான் விட மாட்டேன்.

அவருடைய எல்லாப் படமும் டீச்சர் சொன்ன மாதிரி அல்ல என்பதும் எனக்குத் தெரியும். படுக்கையறைப் படங்கள் இருக்கின்றன. மாதவிடாய் இரத்தத்தை வைத்து ஒரு வரிசையே செய்திருக்கிறார்.

இருட்டறை எழுதியது:

அண்ணா, நான் புகைப்படக்காரன், கேப் டவுனில் வேலை. உங்கள் கடைசி விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். ஆமாம், அந்தப் படங்கள் இருக்கின்றன. ‘பீயிங்’ என்ற 2007 வரிசையில் பெண் ஜோடிகள் கட்டிப்பிடித்து, முத்தமிட்டு, சும்மா உட்கார்ந்து இருக்கிறார்கள். 2009 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் கான்ஸ்டிடியூஷன் ஹில்லில் இளம் கறுப்பினப் பெண் கலைஞர்களின் கண்காட்சி ஒன்று நடந்தது. திறந்து வைத்துப் பேச வந்த கலை பண்பாட்டு அமைச்சர் லூலு ஷிங்வானா இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வெளியேறினார். ஒழுக்கக்கேடு, தேசத்தைக் கட்டியெழுப்பும் வேலைக்கு எதிரானது என்பது அவர் தரப்பு. விஷயம் 2010இல் பத்திரிகைகளில் பெரிதாக வெடித்தது.

நடந்த இடத்தைக் கவனியுங்கள். பழைய சிறைச்சாலை அது. காந்தி அடைக்கப்பட்ட இடம். இன்று அதே வளாகத்தில்தான் அரசியலமைப்பு நீதிமன்றம் இருக்கிறது. நீங்கள் சொன்ன அந்தச் சட்டத்தைக் காக்கும் நீதிமன்றம். அதன் வாசலில், அரசின் அமைச்சரே, இரண்டு பெண்கள் அன்பாகப் படுத்திருப்பதைப் பார்க்க முடியாமல் போகிறார். “சட்டம் இருக்கிறதே, இன்னும் ஏன் படம்?” என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

சட்டம் வந்த அதே 2006இல், பிப்ரவரியில், கயலிட்ஷாவில் ஸோலிஸ்வா ந்கொன்யானா கொல்லப்பட்டார். 19 வயது. லெஸ்பியன் என்பதற்காக ஒரு கும்பல் அடித்தே கொன்றது. வழக்கு முடிந்து நான்கு பேருக்குத் தண்டனை கிடைக்க 2012 ஆகிவிட்டது. 2008 ஏப்ரலில் க்வாடெமாவில் யூடி சிமெலானே. பன்யானா பன்யானா என்ற தேசியப் பெண்கள் கால்பந்து அணிக்காக ஆடியவர். வன்புணர்ந்து கொன்றார்கள். திருத்துகிறோம் என்று சொல்லியே இந்த வன்புணர்வுகள் நடக்கின்றன. கொன்றவர்களுக்கு இவர்களின் முகமும் வீடும் முன்பே தெரியும், அண்ணா, அதே பகுதியில் இருப்பவர்கள். கண்காட்சி பார்த்துவிட்டு வந்து யாரும் கொல்லவில்லை. தெரியாமல் போனது போலீசுக்கும் பத்திரிகைக்கும் நமக்கும்தான்.

‘ஃபேசஸ் அண்ட் ஃபேசஸ்’ வரிசையின் முதல் படம் பூசி சிகாசாவுடையது. கவிஞர், முஹோலியின் தோழி. அடுத்த வருடமே, 2007இல், அவர் இறந்துவிட்டார். கண்காட்சிச் சுவரில் படங்களை வரிசை வரிசையாக மாட்டும்போது நடுநடுவே சில இடங்களை வெறுமையாக விடுவார்கள். சில இடம் போய்விட்டவர்களுக்கு, சில இடம் இனி வரப்போகிறவர்களுக்கு.

ஆயாவீட்டுப் பேரன் எழுதியது:

அண்ணா, “என் வீட்டுப் பெண்ணாக இருந்தால் விட மாட்டேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். பாதுகாக்க நினைத்துத்தான் சொல்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் அந்த வாக்கியத்தை வேறு பக்கத்திலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான்.

நான் தன்பாலீர்ப்பு உள்ள ஆண். மவுண்ட் எட்ஜ்கோம்பில் ஆயா தாத்தாவோடு வளர்ந்தேன். என்னை யாரும் அடிக்கவில்லை, வீட்டை விட்டுத் துரத்தவில்லை. காவடிக்கு, கூழ் ஊற்றுகிற அன்றைக்கு, கல்யாணத்துக்கு எல்லாவற்றுக்கும் என்னை அழைப்பார்கள். ஆனால் என் துணைவர் எந்தக் குடும்பப் படத்திலும் இல்லை. படம் எடுக்கும் நேரத்தில் அன்பாகவே அவர் கையில் கேமராவைக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டு ஆல்பங்களை வரிசையாகப் பார்த்தால் நான் தனியாக வாழ்ந்து தனியாக வயதாகிறவன் என்றுதான் தோன்றும். முஹோலியின் படங்களை முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் புரிந்தது, பொறாமை. அந்தப் பெண்கள் எவ்வளவோ ஆபத்துக்கு நடுவில் ஒரு படத்துக்குள் வந்து நிற்கிறார்கள்.

இன்னொன்று. இப்படிப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது நல்ல மனதோடு “நம் தெருக்கூத்தில் ஆண்கள் சேலை கட்டி ஆடவில்லையா, நம் பண்பாட்டில் இல்லாததா?” என்பார்கள். திரௌபதி அம்மன் கோயில்களில் இரவு முழுக்க நடந்த அந்தக் கூத்தை, இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்பார்களே, நானும் பார்த்திருக்கிறேன், எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் விடிந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டு ஆணாக வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. முஹோலியின் ‘மிஸ் டிவைன்’ படங்களில் ஜூலு மணிகள் அணிந்து காய்ந்த புல்வெளியில் நிற்பவரைப் பாருங்கள். அவரிடம் யாரும் அந்த நிபந்தனையை வைக்கவில்லை. எனக்குப் புராணத்திலிருந்து அனுமதிச் சீட்டு வேண்டாம். ஆல்பத்தில் ஓர் இடம் போதும்.

ஃபீனிக்ஸ் அம்மா எழுதியது:

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்ய முடியவில்லை. என் மகனுக்கு 17 வயது. போன வருடம் என்னிடம் சொன்னான். நான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அவன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. டீச்சர், இந்த வகுப்பு ஃபீனிக்ஸ் பிள்ளைகளுக்கும் உண்டா?

சாட்ஸ்வர்த் டீச்சர் எழுதியது:

உண்டு அம்மா. மகனோடு நீங்களும் வாருங்கள். முன்கூட்டி எதுவும் சொல்ல வேண்டியதில்லை, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

கடற்கரைக்காற்று எழுதியது:

நான் பத்து வருடத்துக்கு முன்பு மதுரையிலிருந்து டர்பனுக்கு வந்தவள். என்னை உலுக்கியது முஹோலி தன்னைத்தானே எடுத்த படங்கள். ‘சோம்ன்யாமா ந்கொன்யாமா’ என்று பெயர், கரிய பெண் சிங்கத்துக்கு வணக்கம் சொல்கிற பெயர். 2012 வாக்கில் தொடங்கியது. ஊர் ஊராகப் போகும்போது அங்கங்கே கையில் கிடைத்த பொருள்களையே கிரீடமாகவும் நகையாகவும் அணிந்து எடுத்திருக்கிறார். அதில் தோல் உண்மையில் இருப்பதைவிட இன்னும் கறுப்பாக இருக்கிறது. கண்ணின் வெள்ளை மட்டும் நம்மைத் துளைக்கிறது.

எங்கள் ஊரில் பெண் பார்க்கும் பேச்சில் நிறம்தான் முதலில் வரும். “கொஞ்சம் மாநிறம்” என்று அம்மா சொல்லும்போது குரல் தாழும். ஸ்டூடியோக்காரர் கேட்காமலேயே முகத்தை வெளுப்பாக்கித் தருவார். இங்கே வந்தால் இங்குள்ள நம் வீடுகளிலும் அதே பேச்சு. அப்படி வளர்ந்த எனக்கு, கறுப்பைக் கூட்டிக் கூட்டி அதை அரசகோலமாக்குகிற ஒருவரைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது.

இருட்டறை எழுதியது:

தொழில்நுட்பமாகச் சொன்னால், பெரும்பாலும் இயற்கை வெளிச்சம், பிறகு கான்ட்ராஸ்டைத் தூக்கிவிடுகிறார். தோல் அப்படியே கறுத்துவிடும். புகைப்படத்தில் பழகியவர்கள் செய்வதற்கு நேர் எதிர் இது. ஃபிலிமே வெள்ளைத் தோலை வைத்து அளந்து செய்யப்பட்ட காலம் ஒன்று இருந்தது, கறுப்புத் தோலை ‘சரிசெய்ய’ வேண்டும் என்றே எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். முஹோலி சரிசெய்ய மறுக்கிறார்.

அக்கா, ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் நிறத்தாழ்வும் அவர்கள் அனுபவித்ததும் ஒன்றல்ல. கறுப்பினத்தவர் எங்கே போனாலும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டம் நம் மேல் அப்படி விழவில்லை. 2012இல் மரிக்கானாவில் போலீஸ் சுட்டு 34 சுரங்கத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களை நினைத்தும் இந்த வரிசையில் படம் இருக்கிறது. ‘இது நம் கதையும்தான்’ என்று சீக்கிரம் சொல்லிவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

ஃபீனிக்ஸ் அம்மா எழுதியது:

தம்பி சொல்வது சரி. 2021 ஜூலைக் கலவரத்தில், இந்தியர்கள் பெரும்பாலும் வாழும் எங்கள் ஃபீனிக்சில் 36 பேர் உயிர் போனது. பெரும்பாலும் கறுப்பினத்தவர். அதற்குப் பிறகு இந்த ஊரில் இருந்துகொண்டு அவ்வளவு எளிதாக ‘நாமும் அவர்களும் ஒன்று’ என்று என்னால் சொல்ல முடியாது. முதலில் அவர்கள் முகத்தை நிதானமாகப் பார்க்கப் பழக வேண்டும்.

தாயாரைப் பற்றி டீச்சர் எழுதியது எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்தத் தாயாரை நினைத்து முஹோலி எடுத்த படங்கள் இருந்தால் அவற்றைப் பற்றிச் சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த் டீச்சர் எழுதியது:

சொல்கிறேன் அம்மா, எனக்கும் அவைதான் மிகவும் பிடித்தவை.

2008இல் ‘மாசா அண்ட் மினா’ என்று ஒரு வரிசை. அதில் முஹோலி தானே வேலைக்காரப் பெண்ணின் சீருடை அணிந்து நடித்தார், தாயாரின் வாழ்க்கையை நினைத்து. தாயார் 2009இல் இறந்தார். பிறகு தன்னுருவப் படங்களில் ‘பெஸ்டர்’ என்றே தலைப்பிட்டுச் சில. ‘பெஸ்டர் ஒன்று, மயோட், 2015’ என்ற படத்தில் துணி காயப்போடும் மரக் கிளிப்புகள் தலையில் கிரீடமாகவும் காதில் தொங்கட்டானாகவும் இருக்கின்றன. பாத்திரம் தேய்க்கும் நாரும் வேறு படங்களில் இப்படி வருகிறது. நாற்பது வருடம் அந்தக் கை எதைத் தொட்டதோ அதையே தலையில் சூட்டியிருக்கிறார். பாட்டு, கவிதை எழுதி அம்மாவைப் புகழ்வது நமக்குப் பழக்கம். அம்மாவின் வேலையை, அதன் கருவிகளை, இப்படி உயர்த்தியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நம் வீடுகளிலும் ஜூலுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு வாயில் வந்த ஓர் ஆங்கிலப் பெயரை நாமே வைத்தோம். சொந்தப் பெயர் கேட்டவர்கள் குறைவு. பெயர், ஊர், வருடம் என்று முஹோலி ஏன் இவ்வளவு பிடிவாதமாகத் தலைப்பிடுகிறார் என்று பிள்ளைகளுக்கு விளங்கவைக்க இதைவிட நேரான வழி கிடையாது.

கப்பல் பட்டியல் எழுதியது:

பதிவு என்ற பேச்சு வந்ததால் இதையும் இங்கே வைத்துவிடுகிறேன். 2012 ஏப்ரல் 20 அன்று கேப் டவுனில் முஹோலியின் வீட்டுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். இருபதுக்கு மேற்பட்ட ஹார்ட் டிரைவுகள் போயின. மூலமும் போனது, அதன் நகல்களும் போயின. ஏறத்தாழ ஐந்து வருட வேலை. கொல்லப்பட்ட லெஸ்பியன் பெண்களின் இறுதிச் சடங்குப் பதிவுகளும் அதில் இருந்தன. அந்தப் பெண்களைப் பற்றி வேறு யாரிடமும் இல்லாத சான்று அது. ஒருவரை இரண்டாம் முறை இழப்பது என்றால் இதுதான்.

அதன் பிறகு அவர் செய்ததைப் பாருங்கள். மறுபடி எடுத்தார். 2009இல் தான் நிறுவிய ‘இன்கன்யிசோ’ என்ற ஊடக அமைப்பின் வழியாக மற்றவர்கள் கையிலும் கேமராவைக் கொடுத்தார், எழுதச் சொன்னார், படங்களை உடனுக்குடன் வெளியே அனுப்பச் சொன்னார். நிறைய ஊர்களில் நிறையப் பேரிடம் இருந்தால் திருடன் எத்தனை வீட்டுக்குப் போவான்? கண்காட்சித் திறப்புகளுக்குப் படத்தில் இருப்பவர்களையும் கூட்டிப்போகிறார், அவர்கள் தங்கள் படத்தின் முன்னால் நின்று தாங்களே பேசுகிறார்கள். உம்லாசியில் லெஸ்பியன் பெண்களின் கால்பந்து அணி ஒன்றுக்கும் துணையாக இருந்தார். கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் பெயர்தான் அணியின் பெயர்.

லெனேசியா அண்ணன் எழுதியது:

எல்லோருடைய பதிவையும் படித்தேன். மாதவிடாய்ப் படங்களைப் பிள்ளைகள் முன் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, அது மாறவில்லை. பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் காட்டிக்கொடுப்பது என்று நான் எழுதினேனே, அதற்கு இருட்டறைத் தம்பி சொன்ன பதிலை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

பேரன் தம்பி, ஆல்பம் பற்றி நீங்கள் எழுதியதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். எங்கள் சொந்தத்திலும் ஒருவர் இருக்கிறார். கேமராவை அவர் நண்பரிடம் கொடுப்பது எங்கள் வீட்டிலும் நடப்பதுதான். அடுத்த மாதம் ஒரு கல்யாணம் வருகிறது, அதற்கு மேல் இங்கே எழுத வேண்டாம்.

டீச்சர், எந்தப் படங்களைக் காட்டப் போகிறீர்கள் என்று முன்கூட்டிப் போட்டால் பெற்றோருக்குச் சொல்ல எளிதாக இருக்கும்.

சாட்ஸ்வர்த் டீச்சர் எழுதியது:

போடுகிறேன் அண்ணா. பெஸ்டர் படங்களில் தொடங்குவேன். பிறகு ‘ஃபேசஸ் அண்ட் ஃபேசஸ்’ வரிசையில் உருவப்படங்கள், கூடவே வெறுமையாக விட்ட சுவரின் படம் ஒன்று. அதன் பக்கத்தில் கப்பல் பட்டியலின் ஒரு தாளை வைத்து இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். யூடி சிமெலானேயைப் பற்றி மறைக்காமல் சொல்வேன், அந்த வயதுக்கு ஏற்ற வார்த்தைகளில்.

கடைசியாக ‘பிரேவ் பியூட்டீஸ்’ வரிசையில் ‘மெலிசா ம்பாம்போ, டர்பன், சவுத் பீச், 2017’. திருநங்கைகளை எடுத்த வரிசை அது. வெள்ளையருக்கு மட்டும் என்று பலகை வைத்திருந்த அந்தக் கடற்கரையை நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும், ஞாயிற்றுக்கிழமை போய் விளையாடுகிற இடம்.

கப்பல் பட்டியல் அண்ணா, மவுண்ட் எட்ஜ்கோம்ப் தோட்டத்துத் தாள் ஏதாவது இருந்தால் தெளிவான நகல் ஒன்று அனுப்புங்கள். பேரன் தம்பி, நேரம் இருந்தால் நீங்களும் வந்து பேச முடியுமா?

ஆயாவீட்டுப் பேரன் எழுதியது:

வருகிறேன் டீச்சர். அவரையும் கூட்டி வருகிறேன்.